பொழுதுபோக்கான கைத்தொழில்: கண்டிக் கிராமங்களிலிருந்து டிச்லிங் வரை

கொழும்பிலும் சென்னையிலும் இலண்டனிலும் இப்பொழுது வார இறுதி நாட்களில் மட்பாண்டம் வனையக் கற்பிக்கும் வகுப்புகள் நடைபெறுகின்றன. வைத்தியர்கள், வங்கி அலுவலர்கள், கணினித் துறையினர், ஓய்வுபெற்ற ஆசிரியைகள் எனப் பலதரப்பட்டோர் கட்டணம் செலுத்தி அவற்றில் சேருகின்றனர். இரண்டு மணித்தியாலம் மண்ணோடு போராடி, கோணலாக அமைந்த ஒரு கிண்ணத்தைப் பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுசெல்கின்றனர். நெசவு, கூடை பின்னுதல், சாயமிடல், மரச்செதுக்கல் ஆகியவற்றுக்கும் இத்தகைய வகுப்புகள் உண்டு.

அதே வேளையில், தலைமுறை தலைமுறையாகச் சட்டி பானை வனைந்துவந்த குடும்பங்களின் பிள்ளைகளிற் பலர் சக்கரத்தின் அருகே அமர விரும்புவதில்லை. தம் பிள்ளைகள் அங்கே அமர்வதைப் பெற்றோரும் விரும்புவதில்லை. ஒருவர் பணம் கொடுத்துத் தேடிச் செல்லும் வேலையை விட்டு மற்றொருவர் விலகிச் செல்கிறார். இந்த முரண்பாடு எவ்வாறு தோன்றியது? கைத்தொழில் எப்பொழுது, எங்கே, யாரால் பொழுதுபோக்காக மாறியது? இவ்வினாவுக்கு விடை தேடிப் புறப்பட்டால், ஆங்கிலேயக் கவிஞர்களையும் யப்பானியக் குயவர்களையும் மட்டுமன்றி, கொழும்பிலே பிறந்த தமிழர் ஒருவரையும் நாம் வழியிற் சந்திக்கிறோம். அதனாலேயே இவ்வரலாறு நமக்கு அயலார் கதையன்று.

தொழிலாக இருந்த காலம்

பழைய சமுதாயங்களில் மட்பாண்டம் வனைதல் ஒரு தேவை. நீர் மொள்ளவும், சோறு சமைக்கவும், விதைநெல் காக்கவும், இறந்தோரை அடக்கஞ்செய்யவும் மண்கலமே பயன்பட்டது. புறநானூற்றின் 256ஆம் பாடலில், கணவனை இழந்த பெண்ணொருத்தி தன்னையும் உள்ளடக்கக்கூடிய அளவுக்குப் பெரிய தாழியாக வனையும்படி குயவனிடம் வேண்டுகிறாள். அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவராகிய திருநீலகண்டர் தில்லையிலே வாழ்ந்த குயவர். பொங்கற் பானையும், கொள்ளிக் குடமும் இன்றும் குயவர் கையை எதிர்பார்த்து நிற்பவை. பிறப்புக்கும் இறப்புக்கும் இடையே ஒவ்வொரு கட்டத்திலும் அவர் தேவைப்பட்டார். ஆனாலும் அவருக்குச் சமூகம் அளித்த இடம் எது என்பது வேறு கதை. அதற்குப் பின்னர் வருவோம்.

இத்தேவையைக் குலைத்தது தொழிற்சாலை. இங்கிலாந்தில் யொசையா வெஜ்வூட் 1769ஆம் ஆண்டு எற்றூறியா என்னும் இடத்தில் தமது பீங்கான் தொழிற்சாலையைத் திறந்தார். அங்கே ஒருவர் மண் பிசைவார், ஒருவர் வனைவார், ஒருவர் கைப்பிடி ஒட்டுவார், ஒருவர் வண்ணந் தீட்டுவார். பொருள் மலிந்தது, தரமும் சீரானது. ஆயினும் ஒரு பாத்திரத்தை முழுமையாகச் செய்து முடித்தவர் என்று சொல்லிக்கொள்ள அங்கே எவரும் இல்லை.

இதனை ஓர் ஒழுக்கப் பிரச்சினையாக முதலில் உரத்துச் சொன்னவர் ஜோன் றஸ்கின். 1853ஆம் ஆண்டு வெளிவந்த வெனிஸ் நகரக் கட்டடக்கலை பற்றிய தமது நூலின் இரண்டாம் தொகுதியில், தொழிலைத் துண்டு துண்டாகப் பிரிப்பது உண்மையில் மனிதனையே துண்டாடுவது என்ற கருத்தை அவர் முன்வைத்தார். குறைபாடுடைய கைவேலையிலே மனிதனின் சுதந்திரம் தெரிகிறது என்பது அவரது வாதம்.

றஸ்கினின் சிந்தனையைக் கைகளுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் மொறிஸ். செல்வக் குடும்பத்திற் பிறந்து ஒக்ஸ்போர்டில் கற்ற இவர், கூலிக்கு ஆள் வைத்துச் செய்யக்கூடிய வேலைகளைத் தாமே கற்றார். 1870களின் நடுப்பகுதியில் லீக் என்னும் ஊருக்குச் சென்று தோமஸ் வார்டில் என்பவரின் சாயத் தொட்டிகளில் கைகளை நனைத்து இயற்கைச் சாயங்களை மீட்டெடுத்தார். 1879ஆம் ஆண்டு தமது படுக்கையறையிலேயே ஒரு தறியை அமைத்து, தமது முதலாவது சித்திரத் திரைச்சீலையை நெய்தார். அதற்குச் சென்ற நேரத்தை அவர் குறித்துவைத்தார்: 516 மணித்தியாலங்கள். தேவை எதுவுமின்றி, கற்கும் இன்பத்துக்காகவே விடியற்காலையில் எழுந்து தறியில் அமர்ந்த இம்மனிதரை நவீனப் பொழுதுபோக்குக் கைவினைஞரின் முன்னோர் என்று கொள்வது பொருந்தும்.

மாலை வகுப்புகளின் பிறப்பு

1884ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வீட்டுக் கலைகள் மற்றும் கைத்தொழில்களுக்கான சங்கமொன்று நிறுவப்பட்டது. வசதி படைத்த தொண்டர்கள் கிராமங்களிலும் நகரச் சேரிகளிலும் மாலை வகுப்புகளை நடத்தி, உழைக்கும் மக்களுக்கு மரச்செதுக்கல், உலோக வேலை, நெசவு முதலியவற்றை இலவசமாகக் கற்பித்தனர். ஓவியர் ஜோர்ஜ் பிரெட்றிக் வொட்ஸ் என்பவரின் மனைவி மேரி வொட்ஸ் இவ்வியக்கத்தைச் சார்ந்தவர். சறே மாவட்டத்திலுள்ள கொம்ரன் கிராமத்தில், தமது வீட்டு வளவிலேயே நல்ல களிமண் இருக்கக் கண்டு, 1895ஆம் ஆண்டு அளவில் ஊரவர்களைத் திரட்டிச் சுடுமண் வேலை கற்பித்தார். அவர்கள் மாலை வேளைகளிற் செய்த சுடுமண் ஓடுகளாலேயே அவ்வூர் மயானத்துச் சிற்றாலயம் அணிசெய்யப்பட்டது. அது இன்றும் நிற்கிறது. அவ்வகுப்பிலிருந்து பின்னர் ஒரு மட்பாண்டத் தொழிலகமும் வளர்ந்தது. பொழுதுபோக்கு தொழிலாகவும் மாறலாம் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

1888ஆம் ஆண்டு சி. ஆர். அஷ்பீ என்னும் கட்டடக் கலைஞர் இலண்டனின் கிழக்குப் பகுதியில் கைவினைஞர் குழாம் ஒன்றை அமைத்தார. றஸ்கினை வாசிப்பதற்காகக் கூடிய ஒரு சிறு வகுப்பிலிருந்து பிறந்தது அது. 1902ஆம் ஆண்டு, கைவினைஞர்களும் அவர்தம் குடும்பத்தினருமாக ஏறத்தாழ 150 பேர் இலண்டனைத் துறந்து, சிப்பிங் கம்டன் என்னும் அமைதியான சிற்றூரிற் குடியேறினர். அக்குழாத்தில் நகை செய்தவர்களுள் பிரெட் பாற்றிட்ஜ் என்பவரும் ஒருவர். அவருடைய சகோதரி எதெல். அவ்வாண்டிலேயே எதெல் மணந்துகொண்டவர்தான் ஆனந்த குமாரசுவாமி.

கனிப்பொருள் தேடிச் சென்றவர்

ஆனந்த குமாரசுவாமி 1877 ஆகஸ்ட் 22ஆம் திகதி கொழும்பிலே சேர் முத்துக் குமாரசுவாமிக்கும் எலிசபெத் பீபி என்னும் ஆங்கிலப் பெண்மணிக்கும் மகனாகப் பிறந்தார். 1879இல் தந்தையார் காலமானதால் இங்கிலாந்திலேயே வளர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிற் புவிச்சரிதவியலும் தாவரவியலும் பயின்று, 1903ஆம் ஆண்டு இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குப் பணிப்பாளரானார். தோரியனைற் என்னும் கனிப்பொருளை உலகுக்கு அடையாளங் காட்டியவர் அவரே.

கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தவரின் கண்ணிற் பட்டவை வேறு பொருள்கள். அழிந்துகொண்டிருந்த விகாரைச் சுவரோவியங்கள், அரக்குப் பூசிய பிடிகள், தந்தச் சீப்புகள், பித்தளை வேலைகள், குயவரின் அலங்காரக் கலங்கள் ஆகியவற்றை அவர் பதிவுசெய்யத் தொடங்கினார். எதெல் கமராவைத் தூக்கிக்கொண்டு உடன் சென்றார்; கண்டிப் பெண்களின் தையல் வேலைப்பாடுகளைத் தனியே ஆராய்ந்தார். 1905ஆம் ஆண்டு, மரபுக் கலைகளைக் காக்கும்படி கண்டிப் பிரதானிகளை நோக்கிக் குமாரசுவாமி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தின் தோற்றத்துக்கும் அவரே முன்னின்றார்.

கைத்தொழில் அழிவுக்கு மலிவான இறக்குமதி மட்டுமே காரணமன்று என்பதைக் குமாரசுவாமி நன்கு கண்டார். கண்டி இராச்சியத்தில் கைவினைஞருக்குச் சேவைக்கு ஈடாக நிலம் இருந்தது. வயல் பசியைத் தீர்த்தது. ஆகையால் ஒரு பொருளைச் செய்யத் தேவையான காலம் முழுவதையும் அவர் எடுத்துக்கொள்ள முடிந்தது. 1815இல் இராச்சியம் வீழ்ந்தது. 1832இல் இராஜகாரிய முறை ஒழிக்கப்பட்டது. விகாரை, தேவாலய நிலங்களிலே எஞ்சிய சேவைகளையும் பணமாக மாற்றிக்கொள்ள 1870ஆம் ஆண்டுச் சட்டம் இடமளித்தது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்மையே. அதில் ஐயமில்லை. ஆயினும் அதனோடு சேர்ந்து, கைவினைஞரைத் தாங்கிநின்ற பொருளாதாரமும் கலைந்தது. அதற்கு மாற்றாக வேறொன்றை எவரும் ஏற்படுத்தவில்லை.

இங்கிலாந்து திரும்பிய குமாரசுவாமி தம்பதியினர், சிப்பிங் கம்டனுக்கு அருகே அஷ்பீ புதுக்கிக் கொடுத்த ஒரு பழைய சிற்றாலயத்தை வீடாகக் கொண்டனர். அங்கேதான் மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய குமாரசுவாமியின் பெருநூல் 1907, 1908ஆம் ஆண்டுகளில் கையால் அச்சிடப்பட்டது. 425 பிரதிகள். அச்சிட்ட இயந்திரம், ஒரு காலத்தில் மொறிஸ் தமது புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட அதே கை இயந்திரம். கண்டிக் கம்மாளரையும் குயவரையும் பற்றிய முதலாவது பெருநூல், ஆங்கிலக் கைவினை இயக்கத்தின் இதயத்திலிருந்து வெளிவந்தமை தற்செயலானதன்று. 1909ஆம் ஆண்டு வெளியான இந்தியக் கைவினைஞர் பற்றிய குமாரசுவாமியின் நூலுக்கு அஷ்பீ முன்னுரை எழுதினார்.

எமிலி செய்த குழப்பம்

ஆனால் அந்நூல் அச்சாகிக்கொண்டிருந்த காலத்திலேயே அஷ்பீயின் குழாம் முறிந்து கொண்டிருந்தது. 1908ஆம் ஆண்டு அது கலைக்கப்பட்டது. இலண்டன் சந்தையிலிருந்து தொலைவில் இருந்தமை, இயந்திரப் போலிகள், பொருளாதார மந்தம் எனக் காரணங்கள் பல. அஷ்பீ அவ்வாண்டு எழுதிய நூலில் மற்றொரு காரணத்தையும் சுட்டினார். அதுவே நம் விடயத்துக்கு நேரடியாக உரியது.

வசதியான வீட்டுப் பெண்ணொருத்தி மாலை வகுப்பில் வெள்ளி வேலை கற்கிறாள். பொழுதுபோக்காகச் சில நகைகளைச் செய்கிறாள். அவளுக்குச் சாப்பாடு தந்தையின் வீட்டில். வாடகை இல்லை, கூலி இல்லை. ஆகையால் தன் நகையை மிகக் குறைந்த விலைக்கு விற்றாலும் அவளுக்கு மகிழ்ச்சியே. அந்த நகைக்குப் பக்கத்தில், குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய தொழிலாளியின் நகை விலை கூடியதாகத் தெரிகிறது. இத்தகைய பெண்ணுக்கு எமிலி என்று கற்பனைப் பெயரிட்டு அஷ்பீ குறைப்பட்டுக்கொண்டார். கைத்தொழிலை யாவருக்கும் கற்பிக்க வேண்டும் என்று முழங்கிய இயக்கம், தான் கற்பித்தவர்களாலேயே தனது தொழிலாளரை இழந்தது.

எமிலியைக் குற்றஞ்சாட்டுவது முழு நியாயமாகாது. அக்காலத்து நடுத்தர வகுப்புப் பெண்ணுக்குச் சம்பளத்துக்கு வேலை செய்ய வழிகள் மிகக் குறைவு. கைவினை அவளுக்குத் திறந்த மிகச் சில கதவுகளுள் ஒன்று. அக்கதவு வழியே சென்று ஒரு துறையையே மாற்றியமைத்த பெண்ணொருவரின் வாழ்வு இதற்குச் சான்று. அவர் எதெல்.

எதெல் மெய்றே

குமாரசுவாமியுடனான மணவாழ்வு முறிந்தபின் எதெல் 1913ஆம் ஆண்டு பிலிப் மெய்றே என்பவரை மணந்தார். எவருடைய பட்டறையிலும் அவர் பரம்பரையாகப் பயிலவில்லை. இலங்கையிலும் பின்னர் இந்தியாவிலும் கண்ட கைவேலைகளே அவருக்குப் பாடசாலை. 1916ஆம் ஆண்டு இயற்கைச் சாயங்கள் பற்றிய கைந்நூலை வெளியிட்டார். அது பல பதிப்புகளைக் கண்டது. சசெக்ஸ் பகுதியிலுள்ள டிச்லிங் கிராமத்தில் நெசவுக்கூடம் அமைத்து, 1952இல் மறையும் வரை எண்ணற்றோருக்குக் கற்பித்தார். ஆங்கிலக் கைத்தறியின் மறுமலர்ச்சிக்குத் தாய் என்று அவரைக் கருதுவோர் உளர். தொழில்துறை வடிவமைப்புக்கான பிரித்தானியாவின் உயர் விருதினைப் பெற்ற முதற் பெண்ணும் அவரே. கண்டியின் தையல்காரிகளிடம் ஆங்கிலப் பெண்ணொருத்தி ஊன்றிக் கற்றது, பின்னர் இங்கிலாந்தின் பொழுதுபோக்கு நெசவாளர்களுக்குப் பாடமாயிற்று. இக்கடன் இலங்கையிற் பெரிதும் பேசப்படுவதில்லை.

விருந்தில் தொடங்கிய பாடம்

மட்பாண்டத்துக்கு வருவோம். நவீன ஆங்கில மட்கலைக்கு முன்னோடியாகக் கருதப்படும் பேர்ணாட் லீச் 1887இல் ஹொங்கொங்கிற் பிறந்தவர். உலோகத் தகட்டிற் சித்திரம் செதுக்கும் கலையைக் கற்பிக்க 1909இல் யப்பான் சென்றார். 1911ஆம் ஆண்டு தோக்கியோவில் ஒரு விருந்துக்கு அழைக்கப்பட்டார். விருந்தினர் தாமே மண்கலங்களில் சித்திரம் எழுதி, அங்கேயே சூளையிலிட்டு, சற்று நேரத்திற் செந்தணலாக வெளியே எடுக்கும் ராக்கு விருந்து அது. லீச்சின் வாழ்வு அம்மாலையோடு திரும்பியது. கென்சான் மரபில் வந்த ஆசானொருவரிடம் முறையாகக் கற்றார். 1920ஆம் ஆண்டு யப்பானிய நண்பர் ஹமதா சோஜியுடன் இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள சென் ஐவ்ஸ் நகரில் தமது சூளையை நிறுவினார். உல்லாசப் பயணிகள் தம் கையால் வண்ணந்தீட்டிய கிண்ணங்களை அவர்கள் முன்னிலையிலேயே சுட்டுக் கொடுக்கும் வழக்கமும் அங்கே இருந்தது. பெருங்கலைஞரும் பிழைப்புக்காகப் பொழுதுபோக்காளரை நம்பவேண்டியிருந்தது.

இக்காலத்தில் லீச்சும் ஹமதாவும் டிச்லிங்குக்குச் சென்று எதெல் மெய்றேயைச் சந்தித்தனர். நகரில் கற்றவர்கள் கிராமத்தில் வாழ்ந்து கைவேலை செய்யும் அவ்வாழ்க்கை முறை ஹமதாவைப் பெரிதும் கவர்ந்தது. நாடு திரும்பியதும் அவர் மஷிகோ என்னும் குயவர் கிராமத்திற் குடியேறினார். யனகி சோயெற்சு என்னும் அறிஞரும், ஹமதாவும், கவாய் கன்ஜிரோவும் 1925ஆம் ஆண்டு மிங்கெய், அதாவது மக்கள் கைவினை, என்ற சொல்லை உருவாக்கினர். பெயரறியாத கிராமக் குயவரின் சாதாரணக் கிண்ணத்திலே உயர்ந்த அழகு உண்டு என்பது அவர்களின் கொள்கை. 1936ஆம் ஆண்டு தோக்கியோவில் அதற்கென ஒரு நூதனசாலையும் எழுந்தது. 1955ஆம் ஆண்டு யப்பானிய அரசு ஹமதாவைத் தேசத்தின் வாழும் செல்வங்களுள் ஒருவராக அறிவித்தது.

லீச் 1940ஆம் ஆண்டு வெளியிட்ட குயவருக்கான கைந்நூல், யுத்தத்துக்குப் பின் பெருகிய மாலை வகுப்புகளிற் பாடநூலாயிற்று. இவ்வலை இந்தியாவையும் தொட்டது. 1919இல் யப்பான் சென்று லீச், ஹமதா, யனகி ஆகியோருடன் பழகிய குர்சரண் சிங், 1952ஆம் ஆண்டு டில்லியிற் தமது நீல மட்கலைக் கூடத்தை அமைத்தார். யப்பானில் பயின்ற டெபொரா சிமித்தும் ரே மீக்கரும் 1971ஆம் ஆண்டு புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிறிட்ஜ் கூடத்தில் பயின்றோர் இந்தியாவெங்கும் சூளை வைத்திருக்கின்றனர். இன்றைய வார இறுதி வகுப்பொன்றில் மண்ணைப் பிசையும் சென்னை மாணவர், பெரும்பாலும் தம்மையறியாமலே இவ்வழியில் வந்த பாடத்தையே படிக்கிறார்.

வகுப்புக்கு வராத ஆசான்

இங்கே நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். சென் ஐவ்ஸ், மஷிகோ, புதுச்சேரி என்று வந்த இப்பாதையில், நம்மூர்க் குயவர் எங்கே? வகுப்பிற் கற்பிக்கப்படுவது பெரும்பாலும் ஏறத்தாழ 1,200 முதல் 1,300 பாகை செல்சியஸ் வெப்பத்திற் சுடப்பட்டு, கண்ணாடிப் பூச்சுப் பூசிய கலம். நம்மூர்க் குயவர் வனைவது வைக்கோலும் விறகும் கொண்டு குறைந்த வெப்பத்திற் சுடும் பூச்சற்ற கலம். நீர் அதன் சுவரூடாக மெல்லக் கசிந்து ஆவியாவதனாலேயே பானைத் தண்ணீர் குளிர்கிறது. பூச்சில்லாமை ஒரு குறையன்று; அதுவே அப்பானையின் அறிவு. சக்கரத்தில் வனைந்த கழுத்தை வைத்துக்கொண்டு, அடியைத் தட்டித் தட்டி மெல்லியதாக விரிக்கும் வித்தை பல மாதப் பயிற்சியால் வருவது. தமது மாவட்டத்து மண்ணில் எவ்வளவு மணல் சேர்க்க வேண்டும் என்பதை அவர் விரலாலேயே அறிவார்.

இத்தனை அறிவும் இருந்தும் அவர் ஆசானாகக் கருதப்படாமைக்குக் காரணம் சாதி. இதனை மழுப்பிச் சொல்வதிற் பயனில்லை. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலிற் குயவரைப் பற்றி ஒரு செய்தி சொல்கிறார். தாழ்த்தப்பட்ட ஏனைய குலத்தவர் உயர்குலத்தார் வீட்டுப் பாத்திரத்தைத் தொட முடியாது. குயவருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. மூக்குள்ள கெண்டிகளை உயர்குலத்தாருக்கு விற்க மறுத்து அவர்கள் பெற்ற உரிமை அது: தாகம் எடுத்தால் அக்கெண்டியைத் தாமே எடுத்துத் தம் வாயில் நீர் ஊற்றிக்கொள்ளலாம். தாம் வனைந்த கலத்தைத் தொடுவதற்கே ஒரு சலுகை வேண்டியிருந்தது! தமிழ்ப் பகுதிகளிலும் நிலைமை இதனினும் மேலானதாக இருந்ததென்று எவரும் பெருமைப்பட முடியாது.

ஆகவே குயவர் மகன் சக்கரத்தை விட்டு எழுந்து பாடசாலைக்கும் அலுவலகத்துக்கும் செல்வதை நாம் வீழ்ச்சி என்று புலம்பக் கூடாது. பெரும்பாலான வேளைகளில் அது விடுதலை. மரபுச் சமுதாயத்திற் கைவினைஞர் அடைந்த மனநிறைவைக் குமாரசுவாமி ஆழமாக எழுதினார். அம்மரபின் பாரத்தை அதே ஆழத்துடன் எழுதவில்லை. அவர்மீது கொண்ட மதிப்பு இதனைச் சொல்லத் தடையாக வேண்டியதில்லை.

மறுபுறம், வார இறுதி மாணவரை ஏளனஞ் செய்வதும் தவறு. மண் கையில் நழுவி, மூன்று முறை சரிந்து, நான்காம் முறை நடுவே நிலைக்கும்போது, ஒரு சட்டியின் விலை என்னவென்று அவருக்குப் புரிகிறது. தெருவோரத்தில் அடுக்கிவைத்த பானைக்கு விலை பேசிக் குறைக்கும் பழக்கத்தை அவர் விட்டுவிடக் கூடும். யாருடைய தொழிலாகவும் விதிக்கப்படாமல், விரும்பிய எவரும் கற்கும் வித்தையாக மட்பாண்டம் மாறுவது, சாதியின் பிடியிலிருந்து அது விடுபடும் வழிகளுள் ஒன்றுமாகும்.

ஆனால் அது தானாக நிகழாது. எமிலியின் கதை அதற்கு எச்சரிக்கை. பொழுதுபோக்காக வனைவோர் தமது பொருளை அடக்க விலைக்குக் கீழே விற்காதிருப்பது முதற் கடமை. இரண்டாவது, வகுப்புகளை நடத்துவோர் கேகாலைக்கு அருகேயுள்ள மொலகொட போன்ற குயவர் கிராமங்களிலிருந்தும், வடக்கு கிழக்கிலே இன்னும் சூளை வைத்திருக்கும் குடும்பங்களிலிருந்தும் ஆசான்களை அழைத்து, நகரத்து ஆசிரியருக்குக் கொடுக்கும் அதே வேதனத்தையும் அதே நாற்காலியையும் அவர்களுக்குக் கொடுப்பது. காட்சிப்பொருளாக ஒருநாள் சக்கரத்தைச் சுற்றிக்காட்ட அழைப்பது போதாது. மூன்றாவது, பாடசாலைகளில் சித்திரக்கலையோடு மட்கலையையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்பிப்பது. குயவரின் பிள்ளையும் வைத்தியரின் பிள்ளையும் ஒரே சக்கரத்தில் முறைவைத்து வனையும்போது, மண் எவருடைய குலத்தையும் அறிவிக்காது.

தைப் பொங்கலுக்குப் புதுப்பானை வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. அடுத்த முறை வாங்கும்போது, விற்பவரிடம் அது எந்த ஊர் மண், யார் வனைந்தது, கற்றுக்கொடுப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். கற்றுக்கொள்ள விரும்புவோருக்கு வகுப்பு அங்கேயே தொடங்கலாம்.